மதுரையில் ஒரு கலைக்கூடம்: சோழமண்டலத்திலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

வைகைவடகரை (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம்.

நாங்கள் மதுரையைச் சேர்ந்த நான்கு பேர். ஒருவர் ஓவியர், ஒருவர் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருப்பவர், ஒருவர் மேடை நாடக நடிகை, நான் புகைப்படக்காரன். தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் திண்ணையும் முற்றமும் பின்கட்டும் உள்ள பழைய வீடு ஒன்று காலியாக இருக்கிறது. முன்கட்டில் கண்காட்சிக்கும் விற்பனைக்கும் ஓர் அறை, முற்றத்தில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்து நாடகம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் இடம், பின்கட்டில் பட்டறை என்று நாங்கள் மனத்துக்குள் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டோம். வீட்டுக்காரர் மாத வாடகைக்கும் தருவார், மூன்று ஆண்டு ஒத்திக்கும் தருவார்.

இதற்கு முன்பு ஒரு முறை தோற்றிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மண்டபத்தின் மாடியை மாதம் ஒரு மாலை வாடகைக்கு எடுத்து, நாடகம், ஓவியம், பாட்டு என்று எட்டு மாதம் நடத்தினோம். மண்டப வாடகையையும் மைக் செட் செலவையும் தெரிந்த கடைக்காரர் ஒருவர் ஏற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு வியாபாரம் இறங்கியதும் உதவி நின்றது. உதவி நின்றதும் நிகழ்ச்சியும் நின்றது. கடைசி மாலைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். கீழே டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் டம்ளர்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டே, "அடுத்த மாதம் என்றைக்கு?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மதுரையில் கலை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சித்திரைத் திருவிழாவைவிடப் பெரிய அரங்கை எந்தக் கலைஞர் கட்டிவிட முடியும்? ஆனால் எங்களோடு வரையவும் நடிக்கவும் கற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இருபத்தைந்து வயதுக்குள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டார்கள். இங்கே தங்கியவர்கள் கலையை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டார்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கி, இத்தனை ஆண்டுகள் தங்கள் உழைப்பிலேயே அதை நிலைநிறுத்தியிருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி? கடற்கரையில் நிலம் வாங்கிச் செய்ததை நெரிசலான கோயில் நகரத்தின் சந்துக்குள் செய்ய முடியுமா? நாங்கள் திறக்கும் இடம், வெளியூரிலிருந்து வருபவர்கள் காபி குடித்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் கடையாக முடிந்துவிடாமல், அந்தச் சந்துக்காரர்கள் தங்களுடையது என்று நினைக்கும் இடமாக இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.


மெழுகும் சாயமும் (பதில்):

தம்பி, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு என்னால் பதில் சொல்ல முடியும். 1970களின் இறுதியில், திருவான்மியூரில் குடியிருந்தபோது, துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் வேலையைக் கற்றுக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை வைத்தே குடும்பம் நடத்தியவள் நான். சோழமண்டலத்துக் கலைஞர்கள் செய்த துணிகளைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலில் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

பணிக்கர் அப்போது சென்னை அரசுக் கலைக் கல்லூரியின் முதல்வர். 1850இல் தொடங்கிய பள்ளி அது. அங்கே நன்றாக வரையக் கற்று வெளியே வந்த பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டே வழிகள் இருந்தன: சம்பளத்துக்கு எங்காவது சேர்ந்து ஓவியத்தை மறந்துவிட வேண்டும், அல்லது ஓவியத்தைப் பிடித்துக்கொண்டு அரை வயிற்றோடு இருக்க வேண்டும். நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் அன்றைய மதராசில் மிகக் குறைவு. ஆனால் நல்ல துணியையும் நல்ல மண்கலத்தையும் வாங்குபவர்கள் இருந்தார்கள். ஆகவே அவர்கள் கைவினைக்கென்றே ஒரு சங்கம் அமைத்து, பாத்திக், மட்கலம், உலோக வேலை என்று செய்து விற்றார்கள்; அந்த விற்பனையில் சேர்ந்த பணம் நிலம் வாங்கத் துணைநின்றது. நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, மற்றப் பகுதி சொந்தப் படைப்புக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இதனால் கிடைத்த பெரிய லாபம் பணம் அன்று. துணி சோறு போட்டதால், ஓவியத்தை வாங்க வருபவரின் விருப்பத்துக்கு ஓவியத்தை வளைக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்துகளையும் குறிகளையும் ஜாதகக் கட்டங்களைப் போல அடுக்கிப் பணிக்கர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை 1963இல் தொடங்கியது. வரவேற்பறைச் சுவருக்கு விற்பதற்காக அன்றைக்கு யாரும் அப்படி வரைந்திருக்க மாட்டார்கள்.

கைவினையை ஓவியத்துக்குக் கீழான வேலை என்று நினைத்துச் செய்தால் அது விலை போகாது என்பதையும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாத்திக்கில் தேன்மெழுகையும் பாரபின் மெழுகையும் கலந்து உருக்கித் தூரிகையால் துணியில் இடுவோம். மெழுகு சரியான சூட்டில் இருந்தால் துணியின் மறுபக்கத்தில் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். சூடு தணிந்துவிட்டால் வெள்ளையாக மேலேயே படிந்து நின்று, சாயத்தொட்டியில் போட்டதும் அதன் அடியில் நிறம் புகுந்துவிடும். சூடான சாயத்தில் மெழுகு உருகிவிடும் என்பதால் குளிர்ந்த சாயம்தான் பயன்படும். துணியைக் கையால் மெல்லக் கசக்கும்போது மெழுகில் விழும் வெடிப்புகளுக்குள் சாயம் ஓடி நரம்பு போன்ற கோடுகள் வரும். எவ்வளவு கசக்குவது என்பது ஆண்டுக்கணக்கில் பழகிய விரல்களுக்குத்தான் தெரியும். கடைசியில் கொதிநீரில் துணியை அலசினால் மெழுகு பிரிந்து மிதக்கும். தண்ணீர் ஆறியதும் அடை அடையாக எடுத்து மறுபடி உருக்குவோம். இந்த வேலையில் ஓர் ஓவியரின் கண் இருப்பதை வாங்குபவர் உடனே கண்டுகொள்வார். எஸ்.ஜி. வாசுதேவ் போன்ற சோழமண்டல ஓவியர்கள் பாத்திக்கிலும் செப்புத் தகட்டிலும் காட்டிய அக்கறை அவர்களுடைய ஓவியத்தில் காட்டியதற்குச் சற்றும் குறைந்ததன்று.

இரண்டாவது, இடம். அவர்கள் போனபோது அது மின்சாரம்கூட இல்லாத மணல்வெளி; ஊரார் கண்ணுக்கு மதிப்பில்லாத நிலம். பின்னாளில் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, இருபுறமும் நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. அந்த மண் அவர்கள் சொந்தமாக இல்லாமல் வாடகைக்கு இருந்திருந்தால், பெயர் வந்த பத்தாவது ஆண்டிலேயே அவர்கள் வெளியேற வேண்டியிருந்திருக்கும். சொந்த நிலம் இருந்ததால்தான் மனநோயோடு போராடிய கே. ராமானுஜம் போன்ற ஒரு மேதைக்கு அங்கே ஓர் இடம் இருந்தது. 1973இல் இளவயதிலேயே அவர் மறைந்துவிட்டார். நுணுக்கமான கோடுகளால் அவர் எழுப்பிய கனவு நகரங்களின் முன்னால் இன்றும் என்னால் உடனே நகர முடிவதில்லை.

இப்போது அங்கே நிரந்தரக் காட்சியரங்கு இருக்கிறது. 2009இல் சமகாலக் கலைக்கான மையமும் வந்தது. ஆனால் முதல் தலைமுறையில் பலர் மறைந்துவிட்டார்கள், அடுத்த தலைமுறை அதே நெருக்கத்தில் சேரவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

உங்களுக்கு நான் சொல்வது: மாத வாடகைக்குப் போகாதீர்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தில் முற்றத்தைச் சீர்செய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, நீங்கள் வீட்டுக்கு ஒரு பெயர் வாங்கிக்கொடுத்ததும் வாடகை ஏறும். ஒத்திப் பணம் சேரும் வரை உங்கள் நண்பரின் அச்சுப் பட்டறையிலேயே உட்கார்ந்து ஓராண்டு எதையாவது செய்து விற்றுப் பாருங்கள். விற்க முடிந்தால் வீடு எடுங்கள்.


மட்டாஞ்சேரிவாசி (பதில்):

அம்மா எழுதியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஆனால், "முதலில் விற்றுப் பாருங்கள், பிறகு வீடு" என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஒரு பழைய கட்டடம் திறந்துகிடப்பதே பலரை உள்ளே இழுத்துவிடும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் ஃபோர்ட் கொச்சியில் வளர்ந்தவன். எங்கள் குடும்பம் அங்கே 'வெளி' என்ற பகுதியில் இருக்கும் சலவைத்துறையைச் சேர்ந்தது. டச்சுக்காரர்கள் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து துணி வெளுக்க அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழி வந்தவர்கள் நாங்கள். இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிக் காயவைப்போம், கிளிப் தேவையில்லை. இன்று வெளிநாட்டவர் வந்து வியந்து படம் எடுக்கும் காட்சி அது. என் சிறு வயதில் அதை யாரும் நின்று பார்த்ததில்லை.

2012 டிசம்பர் 12 அன்று, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடத்தும் கலைவிழாவாக, கொச்சி-முசிறிஸ் பியனாலே தொடங்கியது. மும்பையில் வாழ்ந்த மலையாளிகளான போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள் முன்னின்று நடத்தினார்கள். 1867இல் ஓர் ஆங்கிலேய வணிகர் நிறுவிய ஆஸ்பின்வால் ஹவுஸ், பெப்பர் ஹவுஸ் என்று மிளகும் இஞ்சியும் கயிறும் மூட்டையாக அடுக்கிய கிடங்குகள் அதுவரை பூட்டிக் கிடந்தன. முதல் தடவை பணத்தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ஆனாலும் கதவு திறந்த அன்றே எங்கள் தெருப் பெண்கள் உள்ளே போனார்கள். பழைய முசிறித் துறைமுகம் இருந்த இடமாகக் கருதப்படும் 'பட்டணம்' என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த உடைந்த மட்கலத் துண்டுகளைத் தரையில் ஒரு நகரமாகவே பரப்பி, அதனூடே மிளகை ஓடவிட்டிருந்தார் கலைஞர் விவான் சுந்தரம். என் அத்தை அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "நம் வீட்டுப் பின்னால் தோண்டினாலும் இதுதானே வரும்" என்றார். ஒரு நவீனப் படைப்பைப் பற்றி இதைவிட நல்ல விமரிசனத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. கலைஞர் எங்கள் துறைமுகத்தின் பழைய கதையையே எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். அதனால்தான் அத்தை உட்கார்ந்தார்.

வரவு யாருக்கு என்ற கேள்வி தனி. மாதக்கணக்கில் கூட்டம் வந்ததால் தங்கும் விடுதிகள், ஆட்டோக்கள், தச்சர்கள், மின்பணியாளர்கள், சுமை தூக்குபவர்கள் எல்லோருக்கும் வேலை கிடைத்தது. திருவிழா முடிந்த அடுத்த வாரமே தெரு வெறிச்சோடியது. வாடகை மட்டும் இறங்கவில்லை. 2022இல் டிசம்பர் 12 அன்று திறக்க வேண்டிய முக்கிய அரங்குகள் 23ஆம் தேதிதான் திறந்தன. அந்தப் பதினொரு நாளும் அறை முன்பதிவு செய்தவர்களுக்குச் சோறு போட்டுக் காத்திருந்த வீடுகளை நான் அறிவேன். ஒரே பெருவிழாவை நம்பி ஊர் தன் பிழைப்பைக் கட்டிக்கொள்ளும்போது அது சற்றுத் தள்ளிப்போனாலும் ஊரே ஆட்டம் காணும். எனக்குப் பெருமை தருவது அதன் ஓரத்தில் தொடங்கிய மாணவர் பியனாலேதான். சிறு ஊர்க் கலைக்கல்லூரிப் பிள்ளைகளின் கைவேலை அதே தெருக்களில் வைக்கப்படுகிறது.

ஆகவே நண்பரே, வீட்டை எடுங்கள். ஆனால் விழா நடத்த எடுக்காதீர்கள். அன்றாடம் கதவு திறந்திருக்கும்படி எடுங்கள். நிகழ்ச்சி இல்லாத செவ்வாய்க்கிழமை மாலையும் திண்ணையில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.


துரைப்பாக்கம் மாலை வகுப்பு (பதில்):

வணக்கம் அண்ணா. உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியை, அதாவது சந்துக்காரர்கள் தங்களுடையது என்று நினைப்பதற்கு என்ன செய்வது என்பதை, மற்ற இருவரும் சற்று வேகமாகக் கடந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

நான் சென்னை கண்ணகி நகரில் மாலை நேர வகுப்பு நடத்துகிறேன். கூவக் கரையிலிருந்தும் நகரத்தின் பல மூலைகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை 2000ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் இது. 15,000க்கும் மேற்பட்ட சிறு வீடுகள். முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதினால் வேலை கிடைக்காது என்று உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு, மாநகராட்சியும் ஒரு பெயிண்ட் நிறுவனமும் துணைநிற்க, இங்குள்ள குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் நான்கு மாடி உயரத்துக்கு ஓவியங்கள் வரையச் செய்தது. சென்னைக்காரரான ஏ-கில் என்ற சுவர் ஓவியர் இங்குள்ள பிள்ளைகளின் முகங்களையே வரைந்தார்.

பலன் இருந்தது. வெளியாட்கள் வந்தார்கள், செய்தித்தாள்கள் எழுதின. "அந்தப் பொம்மைச் சுவருக்கு எதிர் பிளாக்" என்று பிள்ளைகள் தங்கள் வீட்டுக்கு வழி சொல்லத் தொடங்கினார்கள். அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. வெட்கப்பட்டு மறைத்த முகவரியை ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொல்வது பெரிய விஷயம். ஆனால் தண்ணீரும் கழிவுநீரும் பேருந்தும் அப்படியேதான் இருந்தன. வெயிலிலும் மழையிலும் நிறம் மங்கத் தொடங்கியபோது அதைப் புதுப்பிக்கும் தொழில் எங்கள் பிள்ளைகள் கையில் இல்லை. சாரத்தின் மேல் ஏறி அந்த அளவுக்கு வரையும் வேலையை இங்குள்ள பத்துப் பேர் முறையாகக் கற்றிருந்தால் அவர்கள் இன்று நகரம் முழுவதும் சுவர் வரைந்து பிழைத்துக்கொண்டிருப்பார்கள் என்பதே என் ஆதங்கம்.

இதற்கு மாறான வழியை இசையில் பார்த்தேன். 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை மேடையேற்றின. கானா பாடியவர்கள் வடசென்னையில் சாவு வீட்டிலும் திருமண வீட்டிலும் பாடிப் பழகியவர்கள். கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் சட்டி மேளமும் பறையும் சமமாக நின்றன. அவர்கள் யாருடைய பாட்டையும் அலங்காரத்துக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாடியவர் பெயர் முன்னால் வந்தது. அவர் தொழிலாகவே பாடத் துணை கிடைத்தது. தாழ்வாக மதிக்கப்பட்ட ஒரு பாட்டை நகரம் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டதற்கு அந்தப் பாட்டை வாழ்ந்தவர்களே மேடையில் நின்றதுதான் காரணம். பெசன்ட் நகருக்குப் பக்கத்து ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவும், யார் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்ற கேள்வியை நகரத்தின் முன் வைத்தது. கர்நாடக இசையும் பரதமும் மீனவர் குப்பத்துக்கு வந்தன, பறையும் வில்லுப்பாட்டும் அதே மேடையில் நின்றன.

எனவே அந்த வீட்டின் சாவி எத்தனை பேரிடம் இருக்கும், யார் பெயர் பலகையில் வரும், யார் கணக்கைப் பார்ப்பார்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். சந்துக்காரர்களைப் பார்வையாளர்களாக மட்டும் அழைத்தால் ஒரு மாதம் வருவார்கள்.


புதுமண்டபம் (பதில்):

தம்பி, நானும் மதுரைதான். கலைத்தொழில் முனைவோர் என்று வெளியூரில் தேடுகிறீர்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள்.

திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் தூண்களுக்கு நடுவே தையல் எந்திரம் போட்டு உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். சித்திரை வந்தால் கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் அணியும் சல்லடம், கச்சை, உருமா எல்லாம் அங்கேதான் தைப்பார்கள். அளவு எடுக்கும் நாடாவை நான் அங்கே அதிகம் பார்த்ததில்லை. ஆளை ஒரு முறை பார்த்துவிட்டு வெட்டுவார்கள். ஜரிகையையும் கண்ணாடி வில்லையையும் எந்த வரிசையில் வைப்பது என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி. அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் அழகர் உடைக்கு ஆள் தேடி வருகிறார்கள். ஒரு நகரத்தின் மிகப்பெரிய நிகழ்த்துகலைக்கு உடை வடிவமைப்பவர்களை நாம் தையல்காரர் என்று மட்டும் அழைத்துப் பழகிவிட்டோம்.

சுங்குடியும் அப்படித்தான். 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்தும் கையால் முடிச்சுப் போடுபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, துணியில் கடுகளவு கிள்ளி எடுத்து, நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவார்கள். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சாயம் போட்டுக் காய்ந்த பிறகு இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துச் சுண்டி இழுத்தால் முடிச்சுகள் சடசடவென்று தெறித்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெள்ளைப் புள்ளி திறக்கும். முடிச்சுக்குக் கிடைக்கும் கூலி கட்டுப்படியாகாததால் இன்று கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பாலானவை மெழுகு அச்சாலும் ஸ்கிரீன் பிரிண்டாலும் புள்ளி வைத்தவை. மேலே அம்மா எழுதிய அதே மெழுகு வேலைதான் எங்கள் ஊரில் அச்சுக்கட்டை வழியாக நடக்கிறது. உங்களில் ஒருவர் ஸ்கிரீன் பிரிண்டிங் தெரிந்தவர் என்கிறீர்கள். இது அவருக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கலாம், ஆனால் சொல்கிறேன்: அச்சுப் புள்ளியை அச்சு என்றே எழுதி விற்கட்டும், கைமுடிச்சைக் கைமுடிச்சு என்று எழுதி, கட்டியவர் பெயரோடு, அதற்குரிய விலையில் விற்கட்டும். இரண்டையும் ஒரே பெயரில் விற்றதுதான் அந்தப் பெண்களின் கூலியைக் கீழே தள்ளியது. விளாச்சேரிப் பொம்மைக்காரர்களையும் மறக்காதீர்கள். நவராத்திரிக்கு மட்டுமல்ல, கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் அதே கைகள்தான் செய்கின்றன.

நாடகத்துக்கு இங்கே முன்னோடி உண்டு. மு. ராமசாமி மதுரையில் தொடங்கிய நிஜ நாடக இயக்கம் 1978 முதல் தெருவிலும் மேடையிலும் நாடகம் போட்டது. அவர்கள் பெரிய கட்டடத்துக்காகக் காத்திருக்கவில்லை.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் கலைக்கும் கைவினைக்கும் சங்கம் பதிவு செய்யலாம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். நீங்கள் நான்கு பேர். மீதி மூன்று பேருக்காக உங்கள் நண்பர்களிடம் போகாதீர்கள். முடிச்சுக் கட்டும் ஓர் அம்மா, அழகர் உடை தைப்பவர் ஒருவர், அந்தச் சந்தில் குடியிருப்பவர் ஒருவர் என்று சேருங்கள். துரைப்பாக்கத்துத் தங்கை கேட்ட சாவிக் கேள்விக்கும் கணக்குக் கேள்விக்கும் பதில் அந்த விண்ணப்பத் தாளிலேயே வந்துவிடும்.


வைகைவடகரை (கேட்டவர்):

அனைவருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்குக் காரணம், நாங்கள் நடந்துகொண்டிருந்தோம்.

அம்மா சொன்னபடி மாத வாடகையைக் கைவிட்டோம். ஒத்திப் பணத்தில் பாதி எங்களிடம் இருக்கிறது. மீதியைத் தை மாதத்துக்குள் தருகிறோம் என்றதற்கு வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டு, முற்றத்தையும் திண்ணையையும் இப்போதே பயன்படுத்தச் சாவி கொடுத்துவிட்டார். கொச்சி நண்பர் எழுதியது மனத்தில் நின்றதால், தினமும் மாலை ஐந்து மணிக்கு எங்களில் ஒருவர் போய்க் கதவைத் திறந்து உட்காருகிறோம். முதல் வாரம் பிள்ளைகள் மட்டும் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாவது வாரம், எதிர்வீட்டு அம்மா திண்ணைக்கு வந்தார். முடிச்சுக் கட்டுவதை எங்கள் ஓவியர் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னதும், அவர் கையிலிருந்த துணியை வாங்கிக் கிள்ளிக் காட்டினார். எங்கள் நண்பர் முக்கால் மணி நேரத்தில் போட்ட முடிச்சுகளை அந்த அம்மா ஒரு சீரியல் விளம்பர இடைவேளைக்குள் போட்டுவிடுகிறார். பிறகு அவர் கேட்டார்: "சேலை விற்றால்தான் கூலியா, கட்டி முடித்ததும் கூலியா?" கட்டி முடித்ததும் என்று சொன்னோம். அதை எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதிவு விண்ணப்பத்தில் ஐந்தாவது பெயர் அவருடையது.

ஆறாவது, உடை தைக்கும் அண்ணன் ஒருவர். சித்திரை முடியும் வரை தன்னை எதற்கும் கூப்பிடக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். ஏழாவது, நான் முதலில் எழுதியிருந்த டீக்கடைப் பெரியவர். அவருடைய வீடு இந்தச் சந்தின் முனையில்தான் இருக்கிறது என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரியும். மாதம் ஒரு முறை கணக்கைத் திண்ணையில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மெழுகு அச்சு வேலையைப் பின்கட்டில் தொடங்க நினைக்கிறோம். ஆனால் அங்கே தேக்கு உத்தரமும் மரக்கட்டைக் கூரையும் இருக்கின்றன. அம்மா, அடுப்பை எங்கே வைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.


மெழுகும் சாயமும் (பதில்):

பின்கட்டில் வேண்டாம் தம்பி, முற்றத்தில் வையுங்கள். மெழுகுப் புகை மேலே போய்விட வேண்டும். மெழுகுச் சட்டியை நேராகத் தீயில் வைக்காமல், பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு அதற்குள் வைத்து உருக்குங்கள். அச்சுக்கு இன்னும் சூடு வேண்டுமென்றால் தணலைக் குறைத்து, ஒருவர் நகராமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சட்டிக்குப் பொருந்தும் மூடி ஒன்றும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மெழுகு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், நெருப்பு எகிறி உத்தரத்தைப் பிடித்துவிடும்; மூடியால் மூடிவிட்டு அடுப்பை அணையுங்கள். எட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

மாசி மாதம் என் மகள் வீட்டுக்குத் திண்டுக்கல் வருகிறேன். அங்கிருந்து ஒரு நாள் வந்து அடுப்பைப் பார்க்கிறேன். அந்த எதிர்வீட்டு அம்மாவிடமும் முடிச்சு ஒன்று போடக் கற்றுக்கொள்ள வேண்டும்.